பாலாற்றங்கரை வேலூரைப் பழைய படங்களில் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்கரையில் கோட்டை, தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை, சத்துவாச்சாரி; வடகரையில் விருதம்பட்டு, கழிஞ்சூர், காட்பாடி. நடுவில் பாலாறு. இந்தப் பகுதியின் பழைய படங்களை வீட்டில் வைத்திருப்பவர்களும் தேடி அலைபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. பின்னால் வருபவற்றுக்கு முன்னால் சொன்ன பதில்கள் தேவைப்படும், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. வேலூர்ல எவ்வளவு பழைய போட்டோ கிடைக்கும்? 1806 சிப்பாய்ப் புரட்சி போட்டோன்னு ஒண்ணு சுத்துதே, அது உண்மையா?

உண்மையாக இருக்க வழியே இல்லை. போட்டோ பிடிக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். கோட்டைக்குள் புரட்சி வெடித்தது 1806 ஜூலை 10 அன்று. அதேபோல, வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்த கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனுக்கும் போட்டோ கிடையாது. அவர் பெயரில் வருபவை ஓவியங்களும் அவற்றைப் பார்த்துச் செய்த அச்சுப்படங்களும்தான். பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் உள்ள அவருடைய சமாதியைப் பிற்காலத்தில் எடுத்த படங்கள் வேறு கணக்கு.

1839க்கு முந்தைய படம் எதுவானாலும் அது கையால் வரைந்தது. ஓவியர் இங்கே வரைந்துகொண்டு போனதை, இந்த ஊரைப் பார்த்தே இராத ஒருவர் லண்டனில் செம்புத் தகட்டில் செதுக்கியிருப்பார். மலை செங்குத்தாக உயரும், அகழி ஏரியாக விரியும். கட்டட அமைப்புக்கு அவற்றை நம்பலாம், தூரத்துக்கும் உயரத்துக்கும் நம்பக்கூடாது.

சென்னை ராயபுரத்திலிருந்து நம் பக்கத்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது 1856இல். கண்ணாடித் தகடு, ரசாயனம், கூடாரம் எல்லாவற்றையும் படம் எடுப்பவர் உடன் சுமந்துவர வேண்டிய காலம் அது. எனவே நம் பக்கத்துப் போட்டோக்களைத் தேடுபவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து தொடங்கலாம்.

2. எங்க வீட்டுப் படம் எந்த வருஷம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒரே வருடத்தைக் குறிவைக்காதீர்கள். “இதற்கு முன் எடுத்திருக்க முடியாது”, “இதற்குப் பின் எடுத்திருக்க முடியாது” என்று இரண்டு எல்லைகளைப் போட்டுக்கொண்டு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதலில், படத்தில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் பொருளைப் பாருங்கள். கனமான அட்டையில் ஒட்டிய, பழுப்பேறிய மெல்லிய தாள் என்றால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு. அட்டை சுமார் 2½க்கு 4 அங்குலம் என்றால் 1860களில் பரவிய சிறு அட்டைப்படம். 4¼க்கு 6½ அங்குலம் என்றால் அதற்கு அடுத்து வந்த பெரிய அட்டைப்படம். கறுப்பான பகுதிகளில், சாய்த்துப் பார்த்தால் வெள்ளிபோல் மினுமினுப்பு ஏறியிருந்தால் அது ஜெலட்டின் வெள்ளித் தாள். 1880களுக்குப் பிறகு பரவி, கலர் வரும்வரை ஆண்டது அதுதான்.

அஞ்சலட்டையாக இருந்தால் வேலை சுலபம். தபால்தலையில் இருக்கும் முகத்தைப் பாருங்கள்: ஏழாம் எட்வர்டு என்றால் 1902க்குப் பிறகு, ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911க்குப் பிறகு, ஆறாம் ஜார்ஜ் என்றால் 1937க்குப் பிறகு. ஆனால் தபால்தலை சொல்வது அனுப்பிய காலத்தை. படம் எடுத்தது அதற்குப் பத்து வருடம் முன்பாகக்கூட இருக்கலாம். லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சடித்த அட்டை. புள்ளி இல்லாமல் தொடர்ச்சியாகக் கருமை படர்ந்திருந்தால் அசல் போட்டோத் தாளிலேயே கழுவிய அட்டை. பின்னதுக்குப் பிரதிகள் குறைவு, பத்திரமாக வையுங்கள்.

3. படத்துல கடை போர்டு தெரியுது. அதை வச்சு ஏதாவது சொல்ல முடியுமா?

நிறையச் சொல்லலாம். தேதி கண்டுபிடிப்பதில் பெயர்ப்பலகைக்கு ஈடான சாட்சி இல்லை. “அண்ணா சாலை” என்ற இரண்டு சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வருமுன், “ணா” துணைக்கால் இல்லாமல் சுழித்த ஒரே எழுத்தாக இருக்கும். “லை”யின் தலையில் யானைத் தும்பிக்கைபோல் ஒரு வளைவு ஏறியிருக்கும். இரண்டும் இன்று நாம் எழுதும் வடிவில் இருந்தால், அரசுப் பலகையாக இருக்கும் பட்சத்தில், படம் 1978க்குப் பிந்தையது.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பழைய வடிவம் இருப்பதால் படம் 1978க்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது. எழுதிய பலகை இருபது வருடம் அப்படியே தொங்கும், பலகை எழுதுபவர் கையும் சட்டென்று மாறாது. பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் புதிய வடிவங்களை 1935லேயே கையாண்டதால், திராவிடர் கழகத்தாரின் சுவரெழுத்தில் அவை முன்கூட்டியே வந்திருக்கும்.

எழுத்தின் வடிவம் போக, எழுதியிருக்கும் செய்தியும் உதவும். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. “தமிழ்நாடு அரசு” என்றிருந்தால் 1969க்குப் பிறகு. “வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம்” என்றிருந்தால், வடாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த 1989 செப்டம்பருக்குப் பிறகு. “வேலூர் மாநகராட்சி” என்றால் 2008 ஆகஸ்டுக்குப் பிறகு, அதுவரை நகராட்சி. வண்டி நம்பர் “டி.என். 23” என்று தொடங்கினால் 1989க்குப் பிறகு. அதற்கு முன் மூன்று ஆங்கில எழுத்தும் நாலு இலக்கமும்தான். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமானது 2019இல்.

4. தாத்தா போட்டோ பிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. பிச்சு எடுக்கலாமா?

கூடாது. மழைக்காலத்து ஈரத்தில், படத்தின் மேல் பூசிய ஜெலட்டின் இளகி, வெயிலில் காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் தாள் உங்கள் கையோடு வரும், முகம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். நீராவி காட்டுவது, தண்ணீரில் ஊறவைப்பது எல்லாம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை. கண்ணாடியின் வெளிப்பக்கம் வைத்த குங்குமப் பொட்டை ஈரத்துணியால் மெல்லத் துடையுங்கள். துணியைப் பிழிந்துகொள்ளுங்கள், ஓரத்தில் நீர் இறங்கக்கூடாது. பிறகு கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

ஒட்டாத படமென்றால் பின்பக்க ஆணிகளைக் குறடால் நெம்பிப் பலகையை எடுக்கலாம். பலகைக்கும் படத்துக்கும் நடுவே செய்தித்தாள் மடித்து வைத்திருப்பார்கள். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதன் தேதியே பிரேம் போட்ட காலத்தைக் காட்டிக்கொடுக்கும். படத்தின் முதுகில் ஸ்டுடியோ ரப்பர் முத்திரை இருந்தால் அதையும் தனியாக ஸ்கேன் செய்யுங்கள்.

பசைத்தாள் மேல் பிளாஸ்டிக் மூடும் ஆல்பங்களில் இருந்து படங்களை வெளியே எடுத்துவிடுவதே நல்லது. அந்தப் பசை வருடத்துக்கு வருடம் மஞ்சளாகிப் படத்தை அரிக்கும். ஒட்டிக்கொண்டது வரவில்லை என்றால், பல் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுங்கள். வேப்பிலை, ரச கற்பூர உருண்டை எதையும் படத்தோடு சேர்த்து வைக்க வேண்டாம். இரும்பு பீரோவில் நடுத்தட்டு, சுவரை ஒட்டாத இடம், படத்துக்குப் படம் வெள்ளைத்தாள்: கரையானுக்கும் வேலூர் வெயிலுக்கும் இது போதும்.

5. ஸ்கேன் எவ்வளவு டி.பி.ஐ. வைக்கணும்? மொபைல்ல எடுத்தா போதாதா?

டி.பி.ஐ. என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 600. அதற்கு மேல் போனால் தாளின் நரம்புதான் பெரிதாகும். தபால்தலை அளவுப் படங்களுக்கு 1200. 35 மி.மீ. பிலிம் சுருளுக்கு 3200 வையுங்கள். சுருளில் ஒரு படச் சட்டம் 24க்கு 36 மி.மீ. தான் என்பதால் அது சுமார் 3000க்கு 4500 புள்ளிகளாக வரும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள், கறையையும் பழுப்பையும் பிறகு பிரித்தெடுக்க அது உதவும். மூலக்கோப்பை டிஃப் வடிவில் சேமித்து, அதைத் தொடாமல் ஒரு ஜேபெக் நகல் எடுத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், கோப்பாக அனுப்ப வேண்டும்.

மொபைல் அவசரத்துக்கு உதவும். ஃபிளாஷ் வேண்டாம். நேரடி வெயில் விழாத திண்ணை அல்லது ஜன்னலோரம், படம் தரையில் தட்டையாக, மொபைல் அதற்கு நேர் மேலே. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தால் அசல் அளவு பதிவாகிவிடும். கேள்வி 2இல் சொன்ன அட்டை அளவெல்லாம் அப்போதுதான் பயன்படும்.

6. இது எந்த இடம்னே தெரியலை. கட்டடம் எல்லாம் மாறிப்போச்சு. என்ன செய்றது?

கட்டடத்தை விட்டு மலையைப் பாருங்கள். வேலூரில் அது நமக்கு வாய்த்த பெரிய வசதி. ஊருக்குக் கிழக்கே சஜ்ஜரா, குஜ்ஜரா, முர்துஜா என்னும் மலைக்கோட்டைகளின் மதில் ஓடும் குன்றுகள் இருக்கின்றன. அந்த முகட்டு வரி நூறு வருடத்தில் மாறவில்லை. படத்தில் முகட்டு வரியை மட்டும் ஒரு டிரேசிங் தாளில் எடுத்துக்கொண்டு, கோட்டை மதில் மேலிருந்தும் காட்பாடிப் பாலத்தருகிலிருந்தும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாலத்தருகே நின்று தெற்கே பார்த்தால் மதில் உள்ள குன்றுகள் இடப்பக்கம் வரும். எந்தக் குன்று எதை மறைக்கிறது என்பது தெரிந்தாலே, படம் எடுத்தவர் எந்தத் தெருவை ஒட்டி நின்றார் என்ற அளவுக்கு நெருங்கிவிடலாம்.

மலையே தெரியாத தெருப்படத்துக்கு நிழல்தான் கதி. சந்தைக் கூட்டத்தில் நிழல் நீளமாக விழுந்தால் காலை அல்லது மாலை. அதைக்கொண்டு தெரு எந்தத் திசையில் ஓடுகிறது என்று கணித்து, லாங்கு பஜாரா, மண்டித் தெருவா என்று பிரிக்கலாம்.

7. மலை எல்லாம் சரியா இருக்கு, ஆனா இடம் வலமா மாறி வருதே?

நெகட்டிவைத் திருப்பிப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். இது அடிக்கடி நடக்கும், அதிலும் கண்ணாடித் தகடுகளில். உறுதிசெய்ய எழுத்து இருந்தால் போதும். இல்லையென்றால் புடவையின் முந்தானை எந்தத் தோளில் என்று பாருங்கள், பலர் நிற்கும் படத்தில் எல்லோருக்கும் வலத் தோளில் வந்தால் சந்தேகப்படலாம். கைக்கடிகாரம், வண்டிகள் போகும் பக்கம் இவையும் உதவும். ஒரே ஒரு தடயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டாவது ஒத்துப்போகட்டும்.

நெகட்டிவ் கையில் இருந்தால், மங்கலான பக்கத்தில்தான் மருந்து பூசியிருக்கும், பளபளப்பான பக்கம் வெறும் பிலிம் அல்லது கண்ணாடி. பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் காட்சி சரியான திசையில் தெரியும்.

8. “பாலாற்றுப் பாலம்”னு நாலு படம் இருக்கு, நாலும் வேற வேற மாதிரி இருக்கே?

நாலும் வேறு பாலங்களாகவே இருக்கலாம். காட்பாடி சாலையில் பழைய பாலம், புதிய பாலம் என இரண்டு உண்டு. காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் போகும் ரயில் பாதைக்குத் தனிப் பாலம். அந்தப் பாதை நெடுங்காலம் மீட்டர் கேஜ். தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்தான், இன்றைய அகலப்பாதையோ 1.676 மீட்டர். பெட்டி சிறுத்துத் தெரிந்தால் படம் பாதையை மாற்றுவதற்கு முந்தையது.

ஏமாற்றுவது திருவலம் இரும்புப் பாலம். அதன் கீழே ஓடுவது பொன்னையாறு, பாலாற்றின் துணையாறு. இரும்புச் சட்டங்கள் தலைக்கு மேல் கூடாரமாக எழும்பும் சாலைப் பாலம் என்றால் முதலில் திருவலத்தைச் சந்தேகியுங்கள்.

9. பழைய படத்துல ஆறு நிறையத் தண்ணி. அப்ப அந்தக் காலத்துல வருஷம் பூரா ஓடுச்சா?

ஒரு படத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. “கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணி இல்லை” என்று வேலூரைப் பற்றி ஊரே சொல்லும் பேச்சு இன்று நேற்றுக் கிளம்பியதல்ல. பாலாறு மழையை நம்பிய ஆறு. கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, ஆந்திரம் வழியாக, மொத்தம் 348 கி.மீ. ஓடிக் கடலில் சேர்கிறது. மேற்பரப்பில் நீர் வருவது மழைக்காலத்தில். மற்ற மாதங்களில் நீர் மணலுக்கு அடியில் இருந்தது. ஊற்றுத் தோண்டினால் கிடைத்தது, ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கும் கொண்டுபோனார்கள். எனவே மணல் மட்டும் தெரியும் 1930களின் படத்தைக் காட்டி “அப்பவே வறண்டுதான் கிடந்தது” என்பதும் அதே அளவு தவறு. அந்த மணல்தான் தண்ணீர்த் தொட்டி.

மாதம் தெரியாமல் ஆற்றுப் படத்தை வாசிக்காதீர்கள். மயானக் கொள்ளைத் திருவிழாக் கூட்டம் தெரிந்தால் மகாசிவராத்திரியை அடுத்த மாசி அமாவாசை. ஆற்று மணலில் தேர் நிற்பது அப்போது இயல்பு. புஷ்பப் பல்லக்கு என்றால் சித்திரா பௌர்ணமி. இன்னொன்று: ஜனங்கள் ஓடிப்போய்ப் படம் எடுப்பது வெள்ளம் வரும்போது. 1903 நவம்பரில் வாணியம்பாடியை மூழ்கடித்த வெள்ளமும் 2021 நவம்பர் வெள்ளமும் நினைவில் நிற்பது அவை அபூர்வம் என்பதால். ஆல்பங்களில் வெள்ளப் படம் அதிகம் இருப்பதால் ஆறு அதிகம் ஓடியது என்று ஆகாது.

உண்மையாக மாறியது என்ன என்று பார்க்க, தண்ணீரை விட்டுப் பாலத்தின் தூணைப் பாருங்கள். தூணில் தெரியும் கல் வரிசைகளை மேலிருந்து மணல் மட்டம் வரை எண்ணுங்கள். அதே தூணைப் பிந்தைய படத்திலும் எண்ணுங்கள். வரிசை கூடியிருந்தால் அவ்வளவு உயரத்துக்கு மணல் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் ஆள் நின்றால் ஐந்தரை அடி என்று வைத்து வரிசையின் உயரத்தைக் கணக்கிடலாம். தூணுக்கு அடியில் வட்டமான கிணற்று அஸ்திவாரத்தின் தலை வெளியே தெரிந்தால் நிலைமை மோசம், அது மணலுக்குள் புதைந்திருக்க வேண்டியது. வெள்ளம் வடிந்த உடனே எடுத்த படத்தில் தூணடியில் பள்ளம் பறித்திருக்கும், ஆறே அதை ஓரளவு நிரப்பும். அதனால் கோடையில் எடுத்த படங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மணல் அள்ளியதால் என்ன இழந்தோம் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டக்கூடிய குடும்பப் படங்கள் பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கின்றன. தயவுசெய்து வெளியே எடுங்கள்.

10. அதே இடத்துல நின்னு இன்னைக்கு ஒரு படம் எடுக்கணும். சரியான புள்ளியை எப்படிப் பிடிக்கிறது?

பழைய படத்தில் கிட்டே ஒன்று, தூரத்தில் ஒன்று என்று இரண்டு மாறாத பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். கோட்டை மதிலின் ஒரு முனையும் பின்னால் குன்றின் உச்சியும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் இடமும் வலமுமாக நகர்ந்து, பழைய படத்தில் இருப்பதுபோல் முனைக்கு நேர் பின்னால் உச்சி வரும்படி நில்லுங்கள். அந்தக் கோட்டிலேயே முன்னும் பின்னும் நகர்ந்து, மதிலின் உயரத்துக்கும் குன்றின் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைச் சரிசெய்யுங்கள். அதுவும் ஒத்துப்போனால் நீங்கள் நிற்பதுதான் புள்ளி.

ஜூமைத் திருகி விகிதத்தைச் சரிசெய்ய முயல்வதால்தான் பலருக்கு இது அமைவதில்லை. ஜூம் படத்தைப் பெரிதாக்கும், பொருள்களுக்கு இடையே உள்ள விகிதத்தை மாற்றாது. கால்தான் நகர வேண்டும். புள்ளி ஆற்றுக்குள் விழுந்தால், கேள்வி 9இல் சொன்ன மணல் இறக்கத்தால் உங்கள் கண்மட்டம் தாழ்ந்திருக்கும். ஏணி போட்டாலும் பொருந்தவில்லை என்றால் அதையே குறித்து வையுங்கள்.

11. கோட்டைக் கோயில் படத்துல பூஜை நடக்குது. இதை வச்சு வருஷம் சொல்லலாமா?

ஜலகண்டேஸ்வரர் கோயிலின் மூலவர் நெடுங்காலம் சத்துவாச்சாரியில் இருந்தார். 1981 மார்ச் 16 அன்றுதான் கோட்டைக்குள் மீண்டும் பிரதிஷ்டை ஆனது. கருவறை வழிபாடும் அர்ச்சனைக் கூட்டமும் தெரிந்தால் அதற்குப் பிறகு. கல்யாண மண்டபத் தூண்கள் மட்டும் ஆளில்லாமல் நிற்கும் படத்துக்கு இது உதவாது, கேள்வி 2க்குத் திரும்புங்கள்.

12. “ஆற்காடு”ன்னு போட்ட இங்கிலீஷ் அட்டைப்படம் வேலூர் மாதிரி இருக்கே?

அந்தக் காலத்தில் அந்தப் பெயர் ஆற்காடு நகரத்தையும் குறிக்கும், வடாற்காடு மாவட்டம் முழுவதையும் குறிக்கும். 1911 வரை மாவட்டத் தலைநகர் சித்தூர். அந்த வருடம் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு தலைநகர் வேலூருக்கு வந்தது. ஆகவே 1911க்கு முந்தைய “வடாற்காடு கலெக்டர் கச்சேரி” (அலுவலகம்) சித்தூரில் இருந்திருக்கும். “டெல்லி கேட்” என்று போட்டிருந்தால் அது ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் உள்ள வாசல், வேலூர்க் கோட்டை வாசல் அல்ல.

13. ஏ.ஐ. வச்சுக் கலர் பண்ணி, மங்கின முகத்தைத் தெளிவாக்கலாமா?

சுவரில் மாட்ட வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். ஆதாரமாக வைக்கவோ பகிரவோ செய்யாதீர்கள். அது புடவைக்குப் போடும் கலர் ஊகம், முகத்துக்குப் போடும் கண் வேறு யாருடையதோ. கேள்வி 3இல் சொன்ன எழுத்துகளைத் “தெளிவாக்கும்”போது பழைய “லை”யை அர்த்தமற்ற கோடாக மாற்றிவிடும், தேதிக்கான ஒரே தடயம் அதோடு போச்சு. பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் அசலைப் பக்கத்திலேயே வையுங்கள். “மாற்றியது” என்று படத்தின் மேலேயே எழுதுங்கள், கீழே எழுதும் குறிப்பை முதல் ஃபார்வர்டிலேயே தொலைத்துவிடுவார்கள்.

14. ஸ்டுடியோவுல எடுத்த பழைய படத்தை நாம வெளியிடலாமா? உரிமை யாருக்கு?

2012 திருத்தத்துக்குப் பிறகு, போட்டோவுக்கான பதிப்புரிமை எடுத்தவரின் வாழ்நாளும் அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும். அதற்கு முன்பே காலம் முடிந்துபோன உரிமை திரும்ப உயிர்பெறாது. காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அப்படியானால் உங்கள் தாத்தா எடுத்துக்கொண்ட படம் உங்கள் குடும்பத்துடையது. பழைய ஆல்பம் காயலான் கடையில் கிடைத்தால், தாள் மட்டுமே உங்களுடையது, உரிமை அதோடு கூட வராது.

சட்டம் இடம் கொடுத்தாலும், சாவு வீட்டுப் படம், சிறுபிள்ளைகள் படம், ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவர் படம் இவற்றை அந்தந்தக் குடும்பத்தைக் கேட்காமல் போடாதீர்கள். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பணி சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையாக வளர்ந்த ஊர் இது, நோயாளிகள் இருக்கும் பழைய படங்கள் நிறையவே உண்டு.

15. படத்தோட என்னென்ன எழுதி வைக்கணும்? பெரியவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?

பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அது முன்பக்கம் தடம் பதிக்கும். 2பி பென்சிலால், படத்தின் முதுகில் ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள்: இடம், பார்க்கும் திசை, ஆண்டு (ஊகமானால் “சுமார்”), மாதம், இடமிருந்து வலமாக ஆட்களின் பெயர், யார் சொன்னது. பெரும்பாலோர் விட்டுவிடுவது திசையும் மாதமும். கேள்வி 6க்கும் 9க்கும் விடை அவற்றில்தான் இருக்கிறது. ஸ்கேன் கோப்பின் பெயரிலும் இதே வரிசை: ஆண்டு, இடம், திசை, எண்.

பெரியவர்களிடம் காட்டும்போது “இது விருதம்பட்டுதானே தாத்தா?” என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள், சேர்ந்து உட்கார்ந்தால் வயதில் மூத்தவர் சொன்னதே முடிவாகிவிடும். இருவர் சொன்னதும் வேறுபட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள், எதையும் அழிக்க வேண்டாம். கண்பார்வை மங்கியவர்களுக்கு ஏ4 அளவில் பெரிதாக்கிய நகல் எடுத்துப்போனால், ஓரத்தில் நிற்கும் ஆளையும் பின்னால் இருக்கும் கிணற்றையும் அவர்களே காட்டித் தருவார்கள்.